ஆர்டித்தின் புருஷன் ஒற்றைக் கரடி

ஆர்டித் கைப்பிடித்த நாளில் லைல் பென்ரோட் வெறும் கேஸ் லாரி டிரைவர். மலைவேட்டைக்காரன் ஆனதெல்லாம் பிற்பாடு. முதலிலேயே தெரிந்திருந்தால் சர்ச் படியிலிருந்தே திரும்பிப் போயிருப்பேன் என்று அவள் ஊரில் பாதிப் பேரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது லைல் பெரும்பாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். அவனுக்கு உறைக்காது. இந்தக் காலத்துப் பெண்களுக்கு அந்தக் காலத்து ஆண்களைப் புரியாது என்று தாடியைத் தடவிக்கொள்வான்.

அந்தக் காலம் என்று அவன் சொன்னது ஆயிரத்து எண்ணூற்று முப்பதுகளை. வயோமிங் மலைகளில் பீவர் என்கிற ஆற்றுவிலங்கைப் பிடித்துத் தோலுரித்து விற்றவர்களின் காலம். கோடையில் ஒரு தடவை அவர்கள் எல்லோரும் கிரீன் நதிக்கரையில் கூடுவார்கள். தோலை விற்று, சாராயம் குடித்து, சண்டை போட்டு, கையில் வந்ததையெல்லாம் தொலைத்துவிட்டு மறுபடி மலையேறுவார்கள். கொஞ்ச வருஷம் நடந்த கூத்து அது. தொப்பி போடுகிற கனவான்கள் பீவர் ரோமத்தை விட்டுப் பட்டுக்கு மாறியதும் முடிந்துபோனது. முடிந்ததை முடிந்ததாக விட லைலைப் போன்றவர்களுக்கு மனசு வரவில்லை. லாரியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு அதே நதிக்கரைக்கு வந்து, தோல் சட்டை மாட்டிக்கொண்டு, ஒரு வாரம் குளிக்காமல் கிடந்துவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள்.

இதில் லைல் அந்த மலைகளில் பிறந்தவனும் இல்லை. ஒஹாயோவில் அவன் அப்பா வைத்திருந்தது கம்பளக் கடை. கிரீன் நதிப் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்துக் குளிரில் விறைத்தது ஆர்டித்தின் குடும்பம்.

கல்யாணமான மறுவருஷம் தபாலில் ஒரு நீளப் பெட்டி வந்தது. உள்ளே பழைய மாதிரித் துப்பாக்கி, துண்டு துண்டாக. லைல் குளிர்காலம் முழுக்க அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, ஒன்றுசேர்த்தான். வசந்தத்தில் மாமனார் வீட்டுக் களத்துக்குக் கொண்டுபோனான். குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டினான். ஈயக்குண்டைத் துணியில் பொதிந்து வைத்தான். நீளமான மரக்கோலால் அடிவரை இடித்து இறக்கினான். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். சிக்கிமுக்கிக் கல் பொறி தட்டியது, பூமியே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம், மாட்டுக்கொட்டகை அளவுக்கு வெள்ளைப் புகை. புகை கலைந்தபோது குறிபார்த்த பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. இடித்த கோலைக் குழலிலிருந்து எடுக்க மறந்திருந்தான். அது பறந்துபோய்க் கொட்டகைக் கதவில் ஈட்டி மாதிரி குத்தி நின்று ஆடிக்கொண்டிருந்தது.

ஆர்டித்தின் அப்பா போய் அதைப் பிடுங்கிப் பார்த்தார்.

"குண்டு மட்டும் பத்தாதுன்னு கம்பையும் சேர்த்துப் போட்டியா, மாப்ளே?"

வேறு ஒருவனாக இருந்தால் அன்றோடு விட்டிருப்பான். லைல் இரண்டாவது துப்பாக்கி வாங்கினான். அப்புறம் மூன்றாவது. அப்புறம் கொம்பில் செய்த மருந்துக்குடுவை, கையால் அடித்த கத்தி, எருமைத்தோல் படுக்கை, பதினெட்டு கழி போட்டு நிற்க வைக்கிற கூம்புக் கூடாரம். மான்தோலை அந்தக் காலத்து முறையில் பதப்படுத்துகிறேன் என்று ஒரு நவம்பரில் மான் மூளையைக் கரைத்துக் குளியல்தொட்டியில் ஊறப்போட்டான். ஆர்டித் விடியற்காலையில் பனியில் பள்ளிப் பேருந்து ஓட்டி முடித்துவிட்டு வந்து, வெந்நீரில் கொஞ்சம் படுக்கலாம் என்று குளியலறைக் கதவைத் திறந்தாள். உள்ளே போகாமலே சாத்தினாள். அந்த மாதம் முழுக்க அவள் அக்கா வீட்டில் போய்க் குளித்தாள்.

"ஒரு விஷயம் சொல்லு," என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டாள். "என் கொள்ளுத்தாத்தா இந்தக் குளிர்ல ரெண்டு கால்விரலப் பறிகொடுத்தாரு. ஒரு கேஸ் அடுப்பு கெடச்சிருந்தா அதக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்திருப்பாரு. நீ பகல்ல வீடு வீடாப் போய் கேஸ் ரொப்புற. அந்தச் சம்பளத்துல தோல் சட்ட வாங்கி, குளிர்ல போய்ப் படுத்துக்கற. உனக்கு என்னதான் வேணும்?"

"சுதந்திரம்," என்றான் லைல்.

"உருளைக்கிழங்க இந்தப் பக்கம் தள்ளு," என்றாள் அவள்.

அந்த முகாம்களில் ஒரு வழக்கம் உண்டு. பட்டப்பெயரை நாமே வைத்துக்கொள்ளக் கூடாது. மற்றவர்கள்தான் வைப்பார்கள், அதுவும் எதிலாவது சொதப்பினால். கஞ்சியை அடிப்பிடிக்க விட்டவன் காலம் முழுக்க 'கரிப்பானை'தான். லைல் அந்த வழக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. முதல் வருஷமே 'ஒற்றைக் கரடி' என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கினான். நேரில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் முதுகு திரும்பினால் 'கேஸ் சிலிண்டர்'. சரக்கு விற்கிற கூடாரம் போட்டிருந்த கிழவன் கஸ், ஆர்டித் பக்கத்தில் இருப்பது தெரியாமல் ஒருதடவை அப்படிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் அன்று அவனிடம் இரண்டு ஜாடி தேன் அதிகமாகவே வாங்கினாள்.

வருஷங்கள் ஓட ஓட லைல் முகாமுக்குத் தலைவனானான். திறமையால் என்று சொல்ல முடியாது. விதிகளை எழுத வேறு யாருக்கும் பொறுமை இல்லை. கைக்கடிகாரம் கூடாது. நைலான் கூடாரம் கூடாது. ஐஸ்பெட்டி கூடாது. முகாமின் ஓரத்தில் நிர்வாகத்தார் வைக்கிற நீல நிறப் பிளாஸ்டிக் கழிப்பறை அவன் கண்ணில் விழுந்த தூசி. வருஷா வருஷம் அதை எடுக்கச் சொல்லிக் கூட்டத்தில் பேசுவான். வருஷா வருஷம் பெண்கள் அத்தனை பேரும், ஆண்களில் முக்கால்வாசியும் எதிர்த்துக் கை தூக்குவார்கள். ஆர்டித் இரண்டு கையையும் தூக்குவாள்.

அவள் எதற்குப் போனாள் என்று கேட்கலாம். பேருந்து ஓடாத கோடை விடுமுறை. நதி அழகாக இருக்கும். அவளைவிட்டால் லைலுக்குச் சமைத்துப்போட ஆள் கிடையாது. மூன்றாவது காரணத்தை மட்டும்தான் அவள் வெளியே சொல்வாள்.

மெர்ல் வந்த வருஷம்தான் விஷயம் முற்றியது. நெப்ராஸ்காவில் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் சும்மா உட்கார முடியாமல், எங்கேயோ படித்துவிட்டு, தானே தைத்த கோணல்மாணலான சட்டையோடு வந்திருந்தார். கூடாரம் ஒழுங்கான கித்தான்தான். துப்பாக்கியும் சரிதான். லைல் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தான், சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி. கடைசியில் மூக்கில் வந்து நின்றான்.

"இந்தக் கண்ணாடி பிளாஸ்டிக்கு."

"ஆமாங்க. என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

"ஆயிரத்து எண்ணூத்தி முப்பத்தி ஏழுல இந்த ஃபிரேம் எங்கய்யா இருந்துச்சு?"

"அப்ப பொறந்திருந்தா எனக்குக் கண்ணே தெரிஞ்சிருக்காது. ஏதாவது பள்ளத்துல விழுந்து செத்திருப்பேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லைலுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"விழுந்து செத்தவனா நடிக்கறதுன்னா இங்க இருங்க. இல்லேன்னா கீழ கார் நிறுத்துற எடத்துல உல்லாசப் பயணிங்களோட போய்ப் படுத்துக்கங்க."

மெர்ல் கழிகளைப் பிடுங்கத் தொடங்கினார். பருப்புச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த ஆர்டித் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏன் லைல், போன வருஷம் கண்புரை ஆபரேஷன் பண்ணி உனக்கு உள்ள வச்சாங்களே, அது என்ன, மான்கொம்பா?"

"அது வெளிய தெரியாது."

"உன் மூளையும்தான் வெளிய தெரியல. இருக்குன்னு நம்பித்தானே பேசிட்டிருக்கோம்."

சிரிப்பு இரண்டு மடங்கானது. ஆனாலும் மெர்ல் கீழே போய்விட்டார். வாதாடுகிற ஆள் இல்லை அவர். வேலைக்காலத்தில் நாய்களிடமும் அப்படித்தான் இருந்திருப்பார் என்று ஆர்டித் நினைத்தாள்.

அன்று சாயங்காலம் லைல் இன்னொரு காரியம் செய்தான். முகாமில் ஒரு உண்மையான வேட்டைக்காரன் எப்படி வாழ்ந்தான் என்று காட்டுகிறேன் பேர்வழி என்று, வீட்டு ஃப்ரீசரிலிருந்து கொண்டுவந்திருந்த எல்க் மான் தொடை ஒன்றைக் கூடாரத்துக்கு முன்னால் மூன்று கழிகளை முக்காலியாகக் கட்டி அதில் தொங்கவிட்டான். ஃப்ரீசரில் வருஷக்கணக்காகக் கிடந்த தொடை. கால் பக்கத்தில் கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்த தடம்கூட இருந்தது.

"இத இப்படியே விட்டா கரடி வரும்," என்றாள் ஆர்டித். "இரும்புப் பொட்டில போட்டு லாரில வை."

"இரும்புப் பொட்டியா? அந்தக் காலத்துல..."

"அந்தக் காலத்துல கரடியும் வந்துச்சு."

அவன் கேட்கவில்லை. அவளும் அதற்குமேல் மல்லுக்கட்டவில்லை. அதை நினைத்துப் பின்னால் அவள் வருத்தப்பட்டாள், லைலுக்காக அல்ல.

மறுநாள் நன்றாக விடிந்து, அவள் காபிக்கு நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது கரடி வந்தது. கருங்கரடி, வளர்ந்து வருகிற வயசு, இடது காதில் ஒரு கிழிசல். புல்லில் சத்தமே இல்லாமல் நடந்து வந்து முக்காலிக்குக் கீழே நின்று மோந்து பார்த்தது. ஆர்டித் மெதுவாக எழுந்து, பின்பக்கமாகவே இரண்டடி நகர்ந்து, கனமான இரும்பு வாணலியைக் கையில் எடுத்தாள்.

"லைல். வெளிய வா. உன் சொந்தக்காரன் வந்திருக்கான்."

லைல் கூடாரத்தின் வாசலை விலக்கிக்கொண்டு வந்தான். நீண்ட உள்ளாடை, தலையில் நரித்தோல் குல்லா, கையில் துப்பாக்கி. அதற்குள் கரடி பின்னங்காலில் நின்று இறைச்சியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. லைல் துப்பாக்கியைத் தோளில் வைத்தான். சுட்டுவிடுவானோ என்று ஆர்டித்தே ஒரு கணம் நினைத்துவிட்டாள். கல் அடித்தது. துப்பாக்கியின் பக்கக் கிண்ணத்தில் இருந்த மருந்து புஸ்ஸென்று எரிந்து ஒரு சுருள் புகை கிளம்பியது. அவ்வளவுதான். இரவு ஈரத்தில் உள்மருந்து நமுத்துப்போயிருந்தது. கரடி அந்தப் 'புஸ்'ஸைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தது.

லைல் துப்பாக்கியைக் கீழே போட்டான். போட்டுவிட்டு ஓடினான். மனைவியைத் தாண்டி ஓடினான். தாண்டும்போது அவன் முழங்கை இடித்து அவள் காபிப் பானை கவிழ்ந்தது. அறுபது வயசு ஆள் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. நேராக அந்த நீலக் கழிப்பறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளில் இருந்த அடையாளம் பச்சையிலிருந்து சிவப்புக்குத் திரும்பியது.

ஆர்டித் வாணலியையும் கரண்டியையும் சேர்த்து அடித்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். கரடிக்கு அவளோடு சண்டை ஒன்றும் இல்லை. தொடையை வாயில் கவ்விக்கொண்டு, கொஞ்சமும் அவசரப்படாமல், பைன் மரங்களுக்குள் போய்விட்டது.

சத்தம் கேட்டுக் கூடாரம் கூடாரமாக ஆட்கள் வெளியே வந்தார்கள். கீழேயிருந்து மெர்லும் வந்துகொண்டிருந்தார், தோளில் துண்டோடு. அவர் வந்தது கரடிக்காக அல்ல, கழிப்பறைக்காக. கதவைத் தட்டினார்.

"ஆள் இருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மெர்லுக்குக் குரல் அடையாளம் தெரிந்தது.

"யாரு, ஒத்தக் கரடியா?"

தாழ்ப்பாள் சிவப்பிலேயே இருந்தது.

"இங்க வெளிய வந்திருந்ததும் ஒரு ஒத்தக் கரடிதான் சார். அது போயிடுச்சு. நீங்க வரலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு மரியாதையாகச் சேர்த்துக்கொண்டார்: "வேல முடிஞ்சிருந்தா."

கஸ் கிழவன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆர்டித் சிரிக்கவில்லை. கவிழ்ந்த பானையை நிமிர்த்தி, மறுபடி தண்ணீர் ஊற்றி, முதல் கோப்பைக் காபியை மெர்லிடம் கொடுத்தாள்.

இது இத்தோடு முடிந்திருந்தால் நல்ல சிரிப்புக் கதை. கரடிக்குத்தான் அப்படி முடியவில்லை. மனிதர் இருக்கிற இடத்தில் சும்மா கிடைக்கிற தொடை என்னவென்று அது ருசி கண்டுவிட்டது. இரண்டு நாளில் பக்கத்து முகாமில் ஒரு குடும்பத்தின் காரை உடைத்தது. அப்புறம் ஒரு பண்ணைவீட்டின் சமையலறை ஜன்னலில் ஏறியது, உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்த வீடு. வனவிலங்கு அதிகாரி ரொவீனா ஸ்டாக் அதைக் கூண்டு வைத்துப் பிடித்தாள். பிடித்த பிறகு சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தாள், அதைக் கொன்றாள். ரொவீனா சின்ன வயசில் ஆர்டித்தின் பேருந்தில் பள்ளிக்கூடம் போனவள். விசாரிக்க வீட்டுக்கு வந்தபோது உட்காரவில்லை.

"அந்த எறச்சியத் தொங்கவிட்டது நீங்கதானே, லைல்?"

"அந்தக் காலத்து முறைப்படி..."

"அது ரெண்டு வயசு ஆண்கரடி. ஒழுங்கா விட்டிருந்தா இன்னும் இருபது வருஷம் எறும்பத் தின்னுட்டு நிம்மதியா இருந்திருக்கும்." அபராதச் சீட்டைக் கிழித்து மேஜையில் வைத்தாள். "இதக் கட்டிடுங்க."

லைல் சீட்டைப் பார்க்கவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

"அந்தத் தோலு... அத என்ன பண்ணுவீங்க?"

ரொவீனா அவனைப் பார்க்காமல் ஆர்டித்தைப் பார்த்தாள். ஆர்டித் ஜன்னலைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அவனைக் கேலி செய்ததில் எல்லாம் ஒரு விளையாட்டு இருந்தது. அன்றைக்கு அது அவள் உள்ளிருந்து கழன்று விழுந்ததை அவளே உணர்ந்தாள். அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது கோபம்கூட இல்லை. பாத்திரம் கழுவின தண்ணீரைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்க்க முடிந்தது.

தோல் கிடைக்கவில்லை. லைல் எங்கேயோ ஒரு வியாபாரியிடம் கரடி நகங்கள் வாங்கி மாலையாகக் கோத்தான். அடுத்த கோடையில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த புது ஆட்களிடம் அவன் கதை சொன்னானாம்: கரடி எழுந்து நின்றது, நான் கண்ணோடு கண் பார்த்தேன், அது வழிவிட்டது. ஆர்டித் அங்கே இல்லை. அந்த வாரம் அவள் அக்காவோடு வெந்நீர் ஊற்றுக்குப் போய், காலையில் ஐஸ்கிரீம், மாலையில் ஐஸ்கிரீம் என்று கிடந்தாள். கஸ்தான் அவளுக்குப் போனில் சொன்னான். "நகத்த எண்ணிப் பாத்தேன் ஆர்டித். அந்தக் கரடிக்கு ஆறு காலு இருந்திருக்கணும்."

அந்தக் கோடைக் கூட்டத்தில்தான் முகாம் ஒரு தீர்மானம் போட்டது: இனிமேல் சாப்பாட்டுச் சாமான்களை இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும், கண்ணை உறுத்தினால் மேலே கித்தானைப் போர்த்திக்கொள்ளலாம். கொண்டுவந்தது மெர்ல், அவரைத்தான் எல்லோரும் வற்புறுத்தித் திரும்ப அழைத்து வந்திருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள். லைல் அங்கேயே எழுந்து நின்று, இது வேட்டைக்காரர் முகாம் இல்லை, பாட்டிகள் பிக்னிக் என்று சொல்லி ராஜினாமா செய்தான். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பிறகு அவன் தனியாக ஒரு சங்கம் ஆரம்பித்தான், சுத்தமான சங்கம். மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவன் தையல் மிஷினில் தைத்த சட்டை போட்டு வந்ததால் முதல் குளிர்காலத்திலேயே நீக்கப்பட்டான். இரண்டாவது ஆளும் லைலும் பொத்தான் கொம்பிலா ஈயத்திலா என்பதில் அடித்துக்கொண்டு, அந்த ஆள் தன் கழுதையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்றாவது ஆள் ஏதோ காரணம் சொல்லி வருவதை நிறுத்தினான். லைல் தன்னிடம் பேசுவதையே சகிக்க முடியவில்லை என்பதுதான் காரணம் என்று ஊருக்கே தெரியும். ஆக, கடைசியில் அவன் ஆசைப்பட்டு வைத்துக்கொண்ட பெயருக்கு அவனே ஆள் ஆனான்.

அதற்கப்புறம் ஒரு அக்டோபரில் அவன் மலைமேல் தனியாகப் போனான். வேலையிலிருந்து ஓய்வுபெற்றிருந்தான். போன மறுநாள் பனிப்புயல் எச்சரிக்கை வந்தது. ஆர்டித் போகவேண்டாம் என்றுதான் நினைத்தாள். மத்தியானம்வரை அப்படியே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு லாரிச் சாவியை எடுத்தாள். வேட்டைக்காலம், எவனாவது மான் என்று நினைத்துச் சுட்டுவைக்கப் போகிறான் என்று பளபளக்கிற ஆரஞ்சு நிற மேல்கோட்டையும் மாட்டிக்கொண்டாள்.

பாதை முடிகிற இடத்தில் லாரியை நிறுத்தி நடந்தாள். பனி விழ ஆரம்பித்திருந்தது. மரங்களுக்கு நடுவே கூடாரம் தெரிந்தது. உச்சியிலிருந்து புகை நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவள் சத்தம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். வாசல் திறந்திருந்தது. லைல் உள்ளே நெருப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து துப்பாக்கிக் குழலை வெந்நீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். விறகு சரியாக அடுக்கியிருந்தது. சட்டியில் என்னவோ நல்ல மணத்தோடு கொதித்தது. பார்க்க யாரும் இல்லை. தாடியைத் தடவவில்லை, நிமிர்ந்து காட்டவில்லை, எந்த வருஷத்தைப் பற்றியும் யாரிடமும் பேசவில்லை. கிழவன் ஒருவன் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தான், நன்றாகவே செய்துகொண்டிருந்தான். இவனைத் தனக்குத் தெரியவே தெரியாதோ என்று ஆர்டித்துக்கு ஒரு நினைப்பு வந்தது.

அப்போது அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அந்த ஆரஞ்சுக் கோட்டோட உள்ள வராத. வெளிய கழட்டி வச்சிட்டு வா."

ஆர்டித் கோட்டோடு உள்ளே போனாள். எருமைத்தோல் படுக்கையில், நெருப்புக்கு எது கிட்டவோ அந்த இடத்தில், பூட்ஸ் காலோடு உட்கார்ந்தாள். சட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முயல் கறி, உப்புகூடச் சரியாக இருந்தது.

"அது எனக்கும் சேத்து," என்றான் லைல்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் முழுக்கத் தின்றாள். தின்று முடித்து, சட்டியைக் கவிழ்த்து வைத்து, எழுந்து கோட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"லாரி எடுக்கப் போறேன். வர்றதுன்னா வா."

அவன் துப்பாக்கிக் குழலைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். வேட்டைக்காரன் புயலுக்குப் பயந்து இறங்க மாட்டான் என்று தொடங்கினான். அவள் பாதித் தூரம் போய்விட்டிருந்தாள். இறங்கும் பாதையில் பனி அடர்ந்து விழுந்தது. பள்ளிப் பேருந்தில் இதைவிட மோசமானதில் ஓட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து ஹீட்டரைக் கூட்டி வைத்துவிட்டு, குளியல்தொட்டியில் வெந்நீர் பிடித்துப் படுத்தாள். தூங்கியும் போனாள்.

லைல் புயல் ஓய்ந்தபிறகு முழுசாக வந்துசேர்ந்தான். ஒரு கால்விரல்கூடக் கறுக்கவில்லை. சமையலறையில் நின்று பனியை உதறிக்கொண்டே, மேலே தனக்கு என்ன நடந்தது தெரியுமா என்று ஆரம்பித்தான். ஆர்டித் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.